பிள்ளையின் மரபணுவைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாமா? காவிரிப் படுகையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர் மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகளில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று திருமணப் பேச்சிலோ குழந்தைப் பேற்றுக்கான சிகிச்சையிலோ இருக்கிறார்கள். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் மரபியல் பாடம் நடந்தபோது கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள்தான் இப்போது மிகவும் கூர்மையாகக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

கேள்வி: இயற்கைத் தேர்வு என்கிறோமே, அதில் தேர்ந்தெடுப்பது யார்?

யாரும் இல்லை. குழப்பமெல்லாம் அந்தச் சொல்லால் வந்தது. சார்லஸ் டார்வினும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் 1858-ல் வெளியிட்ட கருத்துக்கு மூன்று நிபந்தனைகள் போதும்: ஓர் இனத்து உயிர்களுக்குள் வேறுபாடு இருக்க வேண்டும், அந்த வேறுபாடு சந்ததிக்கு இறங்க வேண்டும், அதைப் பொறுத்துச் சிலவற்றுக்குச் சந்ததி கூடியும் சிலவற்றுக்குக் குறைந்தும் அமைய வேண்டும். வேதாரண்யத்துப் பக்கம் உப்பு ஏறிய வயல் ஒன்றில் பல வகை நெல்லைக் கலந்து விதைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உப்பைத் தாங்காதது கருகிப்போகும், தாங்கியது கதிர் தள்ளும், அடுத்த ஆண்டுக்கான விதை அந்தக் கதிரிலிருந்துதான் வரும். சில தலைமுறைகளில் அந்த வயலின் நெல்லே வேறாகிவிடும். குழியடிச்சான், களர்ப்பாலை போன்ற உவர் நிலத்து நெல்வகைகள் உருவானதில் உழவரின் கையோடு உப்பின் வேலையும் கலந்திருக்கிறது. ஆனால் உப்புக்கு எந்த நோக்கமும் இல்லை.

'தக்கன பிழைக்கும்' என்று பாடத்தில் படித்ததை 'வலியது பிழைக்கும்' என்று பலர் மனத்தில் பதித்துக்கொண்டிருக்கிறார்கள். தக்கது என்பதற்கு இங்கே ஒரே பொருள்தான்: அந்த இடத்தில், அந்தக் காலத்தில், அதிகச் சந்ததியை விட்டுச் சென்றது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கர்ப்பிணிகள் கேட்கிறார்கள். வாழ்நாளில் உடம்புக்குச் செய்துகொள்ளும் மாற்றம் பிள்ளையின் மரபணுவில் எழுதப்படுவதில்லை. எத்தனையோ தலைமுறைகளாகத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிறோம். இன்றுவரை எந்தப் பிள்ளையும் துளையோடு பிறக்கவில்லை.

கேள்வி: நாங்கள் விதை நெல்லைத் தேர்ந்தெடுக்கிறோம். கருவைத் தேர்ந்தெடுப்பதும் அதுபோலத்தானே?

கேட்டவர் நீடாமங்கலத்துப் பக்கம் விவசாயம் செய்பவர். அவர் வீட்டில் நடப்பதையே எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன். ஒரு வாளித் தண்ணீரில் புது முட்டையைப் போட்டால் அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கக் கலக்க முட்டை எழும்பி வரும். அதன் தலை நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் உப்பு போதும் என்று கணக்கு. முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டுவார்கள். பதரும் பால் பிடிக்காத நெல்லும் மிதக்கும். அவற்றை அரித்து எடுத்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி ஊறப்போடுவார்கள்.

இப்படிக் கிடைப்பது திரண்ட விதை. அதனுள் இருக்கும் மரபணு எப்படிப்பட்டது என்று இந்த உப்புத் தண்ணீர் எதுவும் சொல்லாது. கருத்தரிப்பு மையத்தில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்து 'நல்ல தரமான கரு' என்று சொல்கிறார்களே, அதுவும் இந்த வகைதான்: செல்கள் ஒழுங்காகப் பிரிந்து கரு திரண்டிருக்கிறதா என்பது அதில் தெரியும், அவ்வளவே. மரபணுவைப் பார்க்க வேண்டுமானால், ஏறத்தாழ ஐந்தாம் நாளில் கருவின் வெளிப்புறத்திலிருந்து சில செல்களை எடுத்துத் தனியாகச் சோதிக்க வேண்டும். கருவிலிருந்து செல் எடுத்துச் சோதிக்கும் முறையை 1990-ல் லண்டனில் ஆலன் ஹேண்டிசைடின் குழு முதன்முதலில் செய்து காட்டியது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும் பரம்பரை நோய்கள் இருந்த குடும்பங்களுக்கு அது பயன்பட்டது. விளம்பரப் பலகை இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகக் குழப்பி எழுதியிருந்தால், அது எதைச் சொல்கிறது என்று நேரில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மரபணுவைத் தொடும் உண்மையான தேர்வு வயலில் வேறு இடத்தில் நடக்கிறது: நிற்கும் பயிரில் கலவன் (கலந்து முளைத்த வேற்று ரகச் செடி) எடுப்பதிலும், நல்ல கதிரைத் தனியே அறுத்து வைப்பதிலும், எந்தக் காளையை எந்தப் பசுவோடு சேர்ப்பது என்பதிலும். கன்றாகப் பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் நம் உம்பளாச்சேரி மாடு, களிமண் சேற்றில் முழங்கால் புதைய உழுவதற்காகத் தலைமுறை தலைமுறையாக இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம்தான். டார்வின் தம் வாதத்தைத் தொடங்கியதும் புறாவும் மாடும் வளர்ப்பவர்களின் இந்த வேலையிலிருந்துதான்.

கேள்வி: பெண் பார்ப்பதும் மாப்பிள்ளை பார்ப்பதும் மரபணுத் தேர்வு இல்லையா?

தேர்வுதான், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் தேர்வு. நிறம், உயரம், படிப்பு, சொத்து என்று பார்க்கிறோம். இவற்றில் சொத்துக்கு மரபணு கிடையாது. நம் பக்கத்தில் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. அக்காள் மகளையோ, அத்தை மகனையோ, மாமன் மகளையோ மணப்பது நம்மிடையே உரிமை என்றே பேசப்படுகிறது. ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பிள்ளையிடம் வந்து சேரும் வாய்ப்பு, அத்தை மகன் மாமன் மகள் திருமணத்தில் 16-ல் ஒன்று. தாய்மாமன் அக்காள் மகள் திருமணத்தில் 8-ல் ஒன்று. நல்ல மரபணுவானால் இதனால் கெடுதல் இல்லை. இரண்டு பிரதிகளும் சேர்ந்தால் மட்டுமே நோய் தரும் ஒடுங்கு மரபணுவானால், இரண்டு தலைமுறைகளாக யாருக்கும் தெரியாமல் இருந்தது மூன்றாவது தலைமுறையில் தொட்டிலில் தெரியவரும்.

சொந்தத்துக்குள் கொடுக்காவிட்டாலும் சாதிக்குள்ளேயேதான் கொடுக்கிறோம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு, அவற்றில் 81 குழுக்கள் மிகச் சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்றும், ஒடுங்கு நோய்கள் அதிகம் இருப்பதாக அறியப்பட்ட ஐரோப்பியச் சமூகங்களைவிட இங்கே இந்த விளைவு வலுவாக இருக்கிறது என்றும் காட்டியது. லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறோம், நமக்கு எப்படி உறவுமுறை நோய் வரும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கேள்வி: பத்துக் கருக்களை உருவாக்கிச் சிறந்ததை எடுத்தால் விரும்பிய பிள்ளை கிடைக்குமா?

கிடைக்காது. உங்கள் இருவரிடமும் இல்லாத எதையும் கருத்தேர்வால் கொண்டுவர முடியாது. 23 இணைக் குரோமோசோம்களில் ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்று என்று எடுத்தாலே ஒரு தகப்பனின் விந்தணுக்கள் ஏறத்தாழ 84 லட்சம் விதமாக அமையலாம். தாய்க்கும் அதே கணக்கு. அதற்கு மேல் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அதற்கும் மேல், ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஏறத்தாழ 60 முதல் 70 புதிய டி.என்.ஏ. எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது. இவற்றில் பெரும்பகுதி தகப்பன் வழி வருவது, தகப்பனின் வயதோடு கூடுவது. இவ்வளவு பெரிய கலைத்தலில் பத்துச் சீட்டை மட்டும் பிரித்துப் பார்க்கிறீர்கள்.

ஒரே மரபணுவால் வரும் நோய் ஒன்று உங்கள் குடும்பத்தில் இருக்கிறது, அது எது என்பதும் தெரிந்திருக்கிறது என்றால், அந்தப் பத்துச் சீட்டே போதும்; அங்கே கருச்சோதனை பயன் தருகிறது. உயரம், அறிவு என்று இறங்கினால் நிலைமை வேறு. 54 லட்சம் பேரின் மரபணுக்களை வைத்து 2022-ல் வெளியான ஆய்வில், உயரத்தோடு தொடர்புடைய டி.என்.ஏ. இடங்களாக 12,111 கிடைத்தன. இத்தகைய கணிப்புகளை வைத்துப் பத்துக் கருக்களில் மிக உயரமானதாகக் கணிக்கப்பட்டதை எடுத்தால் சராசரியாகக் கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் என்று 2019-ல் ஒரு கணக்கு வெளியானது. அதுவும், ஆய்வில் பெரும்பான்மையாக இருந்த ஐரோப்பிய வம்சாவளியினருக்குத்தான் பொருந்தும். அவர்களை வைத்துச் செய்த மதிப்பெண் முறை நம்மிடம் வரும்போது துல்லியம் குறைகிறது. ஆடுதுறை மண்ணுக்குச் செய்த உரப் பரிந்துரையைச் செம்மண் கரட்டில் போட்டுப் பார்ப்பது போன்றது இது. கணிப்பு தவறிப் பிள்ளை குட்டையாக வளர்ந்தால் எந்த நிறுவனமும் பணத்தைத் திருப்பித் தராது என்பதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கேள்வி: குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா?

பிறக்காது. தோலின் நிறத்தை முடிவு செய்பவை பல மரபணுக்கள். அவற்றின் வெளிர்நிற வடிவங்கள் சில நம் மக்களிடையேயும் கலந்தே இருப்பதால்தான் ஒரே வீட்டில் அண்ணன் கருப்பாகவும் தங்கை மாநிறமாகவும் இருக்கிறார்கள். நில நடுக்கோட்டுக்குப் பதினோரு பாகை வடக்கே வயலில் வேலை செய்யும் உடம்புக்குக் கரிய தோல் தொல்லை இல்லை, காப்பு. கடும் வெயிலில் ஃபோலேட் சத்து சிதையாமல் அது காக்கிறது. வெயில் குறைந்த வடக்கு நாடுகளில்தான் வைட்டமின் டி கிடைக்காமல் போகிறதென்று வெளிர் நிறம் ஆதாயமாயிற்று. குங்குமப்பூவுக்குச் செலவிடும் பணத்தில் கீரையும் முட்டையும் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: இயற்கை செய்வதே நல்லது, மனிதன் கைவைப்பது தவறு என்கிறார்களே?

இயற்கையை அம்மா என்று அழைத்துப் பழகிவிட்டோம். ஆகவே அது நம் நன்மையை நாடுகிறது என்றும் நம்பிவிட்டோம். என் பாட்டி எட்டுப் பெற்று மூவரைக் காப்பாற்றியவர். 'எமனுக்கு ஐந்து, எனக்கு மூன்று' என்று அவர் சொல்லும்போது குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இருக்காது. இயற்கைத் தேர்வு வேலை செய்யும் முறை அதுதான்: பிள்ளைகள் சாக வேண்டும், அல்லது பிறக்காமல் போக வேண்டும். 2020-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 13 பேர் என்று இருப்பது தடுப்பூசியும் சுத்தமான குடிநீரும் மருத்துவமனைப் பிரசவமும் இயற்கையின் கையைத் தடுத்ததால்தான். அதைத் தவறு என்று யாரும் சொல்வதில்லை.

கருப்பைக்குள்ளும் அந்தத் தேர்வு நடந்துகொண்டே இருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் தானாகக் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கையில் கோளாறு இருக்கிறது. திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையின் சன்னதியில் நெய் வாங்கிக்கொண்டு திரும்பும் பெண்களில் சிலர், முன்பு கரு கலைந்ததற்குத் தாங்கள் மாடிப்படி ஏறியதும் பப்பாளி தின்றதும்தான் காரணம் என்று மாமியாரிடம் பேச்சு வாங்கியவர்கள். கரு உருவான அன்றே எண்ணிக்கை பிசகியிருந்தால் படிக்கட்டும் பப்பாளியும் என்ன செய்யும்?

கேள்வி: நோய் தரும் மரபணுவை இயற்கை ஏன் இத்தனை காலமாக நீக்கவில்லை?

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஒளிந்துகொள்வது. இரத்தச் சோகை வகையான தலசீமியா போன்ற ஒடுங்கு நோயில், மாற்றமடைந்த மரபணு ஒன்று மட்டும் இருப்பவர் நலமாகவே இருப்பார். ஆய்வகத்தில் கேரியர் என்பார்கள். ஒரு கூட்டத்தில் 25 பேரில் ஒருவர் கேரியர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் விருப்பம்போல் மணந்தால், கணவன் மனைவி இருவரும் கேரியராக அமைவது 625 தம்பதிகளில் ஒன்று. அவர்களுக்குப் பிறக்கும் நான்கில் ஒன்றுக்கு நோய், ஆக 2,500 பிள்ளைகளில் ஒன்று. அதே 2,500 பேரில் நூறு பேரிடம் அந்த மரபணு நலமாக உட்கார்ந்திருக்கிறது. இயற்கையின் கண்ணில் படுவது நோயுள்ள ஒருவரிடம் இருக்கும் இரண்டு பிரதிகள் மட்டுமே. மற்ற நூறும் தப்பித்து அடுத்த தலைமுறைக்குப் போகின்றன.

இரண்டாவது, ஆதாயம். கதிர் அரிவாள் செல் சோகையின் மரபணு ஒன்று மட்டும் இருப்பவரை மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை என்பதை 1954-ல் ஆன்டனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். இந்தியாவில் இந்த மரபணு 1952-ல் நீலகிரிப் பழங்குடிகளிடையே முதலில் கண்டறியப்பட்டது. மலேரியா உள்ள ஊரில் ஒரு பிரதி காப்பு. இரண்டு பிரதி எங்கேயும் துன்பம். கொசு ஒழிந்த ஊரில் அந்த ஒரு பிரதிக்கும் வேலை இல்லை. ஊரின் நிலைமை எவ்வளவு விரைவாக மாறும் என்பதற்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. 1934-ல் மேட்டூர் அணை திறந்து, தஞ்சாவூரில் இன்றும் புது ஆறு என்றே அழைக்கப்படும் கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது கூடவே மலேரியாவும் போயிற்று. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் அங்கே தங்கி ஆராயும் அளவுக்கு அது பரவியது. ஒரு கால்வாயை வெட்டியதும், எந்த மரபணு தக்கது என்ற கேள்விக்கான பதில் ஓர் ஊரில் மாறக்கூடும்.

கேள்வி: எல்லாப் பெற்றோரும் நல்லதையே தேர்ந்தெடுத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது வழக்கம். காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்கு இதன் பதில் பாதி தெரிந்ததே.

1965-ல் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைக் கொடுத்தது. மறு ஆண்டு பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 ரகத்தைக் கொடுத்தது. ஐ.ஆர். 8 பெற்றது தைவான் நாட்டுக் குட்டை நெல் ஒன்றின் ஒற்றை மரபணுவை; அதனால் பயிர் இடுப்பு உயரத்தில் நின்றது, உரம் போட்டாலும் சாயவில்லை, சத்து தாளுக்குப் போகாமல் மணிக்குப் போனது. அதன் பிறகு உலகெங்கும் வந்த குட்டை ரகங்களில் பெரும்பாலானவை அதே மரபணுவைச் சுமப்பவை. அன்று மாறிய எந்த உழவரையும் குறை சொல்ல முடியாது. கடன் இருந்தது, வீட்டில் பசி இருந்தது, மகசூல் கண்ணுக்குத் தெரிந்தது. அவரவர் வயல் அளவில் அது சரியான முடிவு.

எல்லோருடைய சரியான முடிவும் சேர்ந்து ஒரே மாதிரி வயல்கள் ஆனபோது புகையான் பூச்சி வந்தது. ஐ.ஆர். 8 புகையானுக்கும் துங்ரோ நோய்க்கும் எளிய இரை. புகையானைத் தாங்கும் மரபணுவோடு 1973-ல் ஐ.ஆர். 26 வந்தது, சில ஆண்டுகளிலேயே பூச்சி அதையும் கடக்கக் கற்றுக்கொண்டது. இதில் யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாம் ஒரு நெல்லைத் தேர்ந்தெடுத்து வயலெங்கும் பரப்பினோம். அந்த நெல், தன்னைத் தின்னத் தெரிந்த பூச்சியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. செயற்கைத் தேர்வு நடக்கும் இடத்தில் இயற்கைத் தேர்வு விடுப்பில் போவதில்லை. மரபணுவைத் திருத்திப் பிறக்கும் பிள்ளைகளைச் சுற்றியும் வைரஸ்களும் பாக்டீரியாக்களும் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

சிறிய இழப்புகளும் இருந்தன. தாள் குட்டையானதால் வைக்கோல் குறைந்தது, மாட்டுக்கும் கூரைக்கும் தட்டுப்பாடு வந்தது. மணியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் தாளைப் பார்க்கவில்லை. ஒரு மரபணு ஒரே ஒரு வேலையைச் செய்வது அரிது என்பதால் மனிதரிலும் இதே சிக்கல் உண்டு.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் பத்து நாள் மூழ்கிக் கிடந்து அழுகுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த எஃப்.ஆர். 13 ஏ என்ற வகையில், வெள்ளத்தில் மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்திச் சர்க்கரையைச் சேமித்துக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருந்து தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கச் செய்யும் மரபணு இருப்பது 2006-ல் அடையாளம் காணப்பட்டது. அதை நம் சி.ஆர். 1009 நெல்லில் சேர்த்து உருவானதுதான் சி.ஆர். 1009 சப் 1. விளைச்சலை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பழைய நெல்லை எவரும் வைத்திருக்க மாட்டார்கள். திருத்துறைப்பூண்டியை மையமாகக் கொண்டு நெல் ஜெயராமன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய வகைகளைத் தேடிச் சேர்த்து உழவர்களிடம் பரப்பியபோது பலர் அதை வெறும் பழமைப் பற்று என்று நினைத்தார்கள்.

ஆகவே என் கவலை ஒரு தம்பதி எடுக்கும் ஒரு முடிவைப் பற்றியது அன்று. ஆயிரம் தம்பதிகளும் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவைப் பற்றியது. இருந்தாலும் பயமுறுத்த விரும்பவில்லை. சோதனைக் குழாய் முறையில் பிறப்பவர்கள் மொத்தப் பிறப்பில் சிறு பகுதிதான். மனித இனத்தின் மரபணு வளம் நாளையே வறண்டுவிடாது. சமூகம் கெடுவதற்கு அவ்வளவு காலம் ஆகாது என்பதை அடுத்த கேள்வி காட்டும்.

கேள்வி: பெற்றோர் கூட்டமாக மரபணுவைத் தேர்ந்தெடுத்த அனுபவம் இதற்கு முன் உண்டா?

உண்டு, நம் நாட்டிலேயே. ஆணா பெண்ணா என்பதும் ஒரு குரோமோசோம் கணக்குதான். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கிறார்கள். இந்தச் சமநிலை ஏன் குலைவதில்லை என்பதற்கு ரொனால்ட் ஃபிஷர் 1930-ல் விளக்கம் கொடுத்தார்: ஒரு பால் குறைந்தால் அந்தப் பாலில் பிறப்பவருக்குச் சந்ததி வாய்ப்பு கூடும், அவர்களை அதிகம் பெறும் மரபணு பரவும், அளவு திரும்பச் சமமாகும். அதற்குப் பல தலைமுறைகள் வேண்டும். ஸ்கேன் இயந்திரத்துக்குப் பத்து ஆண்டுகள் போதுமாக இருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண் பிள்ளைகள்; கொள்ளிடத்துக்கு வடக்கே நம்மை ஒட்டியிருக்கும் அரியலூர், கடலூர் மாவட்டங்களில் 900-க்கும் கீழே. ஒவ்வொரு வீட்டிலும் 'எங்களுக்கு ஒரு பையன் இருந்தால் போதும், ஊரைப் பற்றி எங்களுக்கு என்ன' என்றுதான் முடிவெடுத்திருப்பார்கள். இன்று முப்பத்தைந்து வயதாகியும் பெண் கிடைக்கவில்லை என்று தரகரிடம் நடப்பவர்களின் வீட்டார் சிலருக்கு இந்தக் கணக்கு புரிவதே இல்லை.

கேள்வி: கிரிஸ்பர் கொண்டு மரபணுவையே திருத்திவிடலாம் என்கிறார்களே?

எங்கே திருத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜெனிஃபர் டவுட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியேவும் 2012-ல் காட்டிய இந்தக் கருவிக்கு 2020-ல் நோபெல் பரிசு கிடைத்தது. நோயாளியின் எலும்பு மஜ்ஜை செல்களை வெளியே எடுத்துத் திருத்தித் திரும்பச் செலுத்தும் சிகிச்சை, கதிர் அரிவாள் செல் சோகைக்கு 2023-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அந்தத் திருத்தம் அவரோடு முடியும், பிள்ளைக்கு இறங்காது. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, அதன் விலையைத் தவிர.

கருவிலேயே திருத்துவது வேறு. 2018 நவம்பரில் சீனாவின் ஹே ஜியான்குய், எச்.ஐ.வி. நுழையும் வாசலான சி.சி.ஆர். 5 மரபணுவைக் கருவில் மாற்றி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்ததாக அறிவித்தார். வட ஐரோப்பியரிடையே இயல்பாகக் காணப்படும் 32 எழுத்துக் குறைவை அவர் பின்பற்ற நினைத்தார். கிடைத்ததோ வேறு, அதுவரை எவரிடமும் சோதிக்கப்படாத மாற்றங்கள். அந்த மரபணு செயல்படாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் கடுமையாக வரும் அபாயம் கூடுதல் என்பதும் முன்பே தெரிந்த செய்தி. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எச்.ஐ.வி. உள்ள தகப்பனிடமிருந்து தொற்றாமல் குழந்தை பெற எளிய வழிகள் ஏற்கெனவே இருந்தன என்பதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது.

கேள்வி: நம் நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது?

கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதையும், கருவுறும் முன்பே பாலினத்தைத் தேர்வதையும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடை செய்கின்றன. உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், 2021, கருவைச் சோதிப்பதை ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை நோய்களைக் கண்டறிய மட்டும் அனுமதிக்கிறது. நிறத்துக்கும் உயரத்துக்கும் அதில் இடமில்லை. சந்ததிக்கு இறங்கும்படி மரபணுவைத் திருத்துவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன.

கேள்வி: நோயுள்ள கருவைத் தவிர்ப்பது நோயோடு வாழ்பவர்களை இழிவுபடுத்துவது ஆகாதா?

இதைக் கேட்டவர் தலசீமியா உள்ள ஒரு பெண்ணின் தாய். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மகளுக்கு இரத்தம் ஏற்றப் பேருந்தில் அழைத்துப் போகிறார். 'இவளுக்கு இந்த வலி வேண்டாம் என்று நான் நினைப்பதும், இவள் வேண்டாம் என்று நினைப்பதும் ஒன்றா, சார்?' என்று கேட்டார். ஒன்று அல்ல என்றுதான் பதில் சொன்னேன். ஆனால் வெளியில் இருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள் என்பதையும் சொன்னேன்.

வரலாறும் இனிமையானது அன்று. டார்வினின் உறவினரான ஃபிரான்சிஸ் கால்டன் 1883-ல் 'நல்ல பிறப்பு' என்ற பொருளில் யூஜெனிக்ஸ் என்று ஒரு சொல்லை உருவாக்கினார். 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தகுதியற்றவர் என்று அரசு கருதுபவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்வது செல்லும் என்றது. 1933-ல் ஜெர்மனி இன்னும் கொடூரமாகச் சட்டம் இயற்றியது. அவர்கள் தங்கள் செயலுக்கு இயற்கைத் தேர்வையே சாட்சிக்கு அழைத்தார்கள். 'இருப்பது இது' என்று சொல்லும் அறிவியலிலிருந்து 'இருக்க வேண்டியது இது' என்ற கட்டளையை உருவிக்கொண்ட மோசடி அது. இன்று அரசு கட்டாயப்படுத்தாமல் பெற்றோர் தாமே முடிவெடுப்பது பெரிய வேறுபாடு. ஆனால் நம் ஊரில் கட்டாயம் அரசாங்கத்திடமிருந்து மட்டும் வருவதில்லை. 'டெஸ்ட் எடுத்திருக்கலாமே, ஏன் எடுக்கவில்லை?' என்று உறவினர் வீட்டு விசேஷத்தில் கேட்கப்படும் கேள்வி போதும்.

கேள்வி: ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல் இரத்தப் பொருத்தம் பார்க்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பார்க்கலாம். பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் பதினோராவதாக இதையும் பார்க்கட்டும் என்று சொல்லி ஒரு ஜோசியரிடமே சம்மதம் வாங்கியிருக்கிறேன். முதலில் முழு இரத்தப் பரிசோதனை. சிவப்பணுக்கள் அளவில் சிறியவையாக இருந்தால், இரும்புச் சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்து முடித்துவிடுவது வழக்கம். அதோடு நிற்காமல் எச்.பி.எல்.சி. என்ற ஹீமோகுளோபின் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அதில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கேரியராக இருக்க வாய்ப்பு மிகுதி. கதிர் அரிவாள் செல் மரபணுவும் அதே சோதனையில் தெரியும். ஒருவர் மட்டும் கேரியர் என்றால் திருமணத்தை நிறுத்த வேண்டியதில்லை; பிள்ளைக்கு நோய் வராது.

இருவரும் ஒரே நோயின் கேரியர் என்றால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று எண்ணக் கூடாது. பகடை முன்பு விழுந்ததை நினைவில் வைப்பதில்லை. அவர்களுக்கு வழிகள் உண்டு: கருவுற்ற 10 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரங்களுக்குப் பிறகு பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிப்பது, சோதனைக் குழாய் முறையில் கருவைச் சோதித்துப் பிறகு வைப்பது, தத்து எடுப்பது, அல்லது எல்லாம் தெரிந்தே இயல்பாகப் பெற்றுக்கொள்வது. எதை எடுப்பது என்பதை மரபணு ஆலோசகரோடு கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். பெண்ணை மட்டும் அனுப்பி வைக்காதீர்கள். அறிக்கையின் நகலை இரண்டு வீட்டிலும் வைத்துக்கொண்டு, உடன்பிறந்தவர்களையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; ஒருவர் கேரியர் என்றால் அவருடைய அண்ணனோ தங்கையோ கேரியராக இருக்கும் வாய்ப்பு குறைந்தது இரண்டில் ஒன்று.